மருத்துவமனைக் கப்பலில் ஓர் ஆசிரியர்

(வானொலியில் ஒலிபரப்பான சிந்தனையின் எழுத்து வடிவம்)



செப்டம்பர் 5-ஆம் நாள் வரும்போதெல்லாம், கே.ஜி.கண்டிகை, திருத்தணி பக்கத்து மக்களாகிய நமக்கு இரண்டு நினைவுகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, திருத்தணி மண்ணில் 1888-ஆம் ஆண்டு இதே நாளில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். கல்லூரிப் பேராசிரியராய்த் தொடங்கிக் குடியரசுத் தலைவராக உயர்ந்த அவருடைய பிறந்த நாளைத்தான் 1962 முதல் நாடு முழுவதும் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். மற்றொன்று, 1997-ஆம் ஆண்டு இதே நாளில் இறைவனடி சேர்ந்த புனித அன்னை தெரேசா. அவருடைய திருவிழாவைத் திருஅவை இந்த நாளில்தான் சிறப்பிக்கிறது.

ஒருவர் கற்பித்தவர், மற்றவர் நோயாளரைத் தாங்கியவர் என்று நாம் பிரித்துப் பார்க்கிறோம். ஆனால், அன்னை தெரேசாவும் ஓர் ஆசிரியரே. கொல்கத்தா எண்டாலியில் உள்ள புனித மரியா பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர் அவர். 1944-இல் அதன் தலைமை ஆசிரியை ஆனவர். 1948-இல் லொரேட்டோ மடத்தைவிட்டு வெளியே வந்ததும், பாட்னாவில் சில மாதங்கள் மருத்துவப் பணிவிடைகளைக் கற்றுக்கொண்டார். பிறகு மோத்திஜில் குடிசைப் பகுதிக்குப் போய் அவர் முதலில் தொடங்கிய வேலைகளுள் ஒன்று, ஒரு பள்ளி. கட்டடம் இல்லை, பெஞ்சு இல்லை, கரும்பலகை இல்லை. ஒரு குச்சியை எடுத்து மண் தரையில் எழுத்துகளை எழுதிக் காட்டினார். குணமாக்கும் பணியும் கற்பிக்கும் பணியும் அவரிடத்தில் ஒன்றாகவே இருந்தன.

இந்த இரண்டு பணிகளும் ஒரே கூரையின்கீழ் நடக்கும் ஓர் இடத்தைப் பற்றி இன்று சிந்திப்போம். அது கடலில் மிதக்கும் ஒரு மருத்துவமனை. அந்த மருத்துவமனைக்குள் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது.

'மெர்சி ஷிப்ஸ்', அதாவது 'இரக்கத்தின் கப்பல்கள்' என்பது 1978-இல் தொடங்கப்பட்ட ஒரு கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு. இதைத் தொடங்கியவர்கள் டான் ஸ்டீபன்ஸ், அவருடைய மனைவி டேயோன் ஸ்டீபன்ஸ் ஆகிய அமெரிக்கத் தம்பதியர். அவர்களுடைய மகன்களுள் ஒருவர் கடுமையான குறைபாடுகளோடு பிறந்தவர். டான் ஸ்டீபன்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது கொல்கத்தாவில் அன்னை தெரேசாவைச் சந்தித்தார். பாரமாகத் தோன்றும் அந்த மகனே இந்தப் பணியில் அவருக்குத் துணையாய் இருப்பான் என்னும் பொருளில் அன்னை ஊக்கம் தந்து அனுப்பினார் என்பதை அவர் பின்னாள்களில் நன்றியோடு நினைவுகூர்ந்து வந்திருக்கிறார்.

அவர்கள் வாங்கிய முதல் கப்பல், பயணிகளை ஏற்றிச் சென்ற ஒரு பழைய இத்தாலியக் கப்பல். அதற்கு 'அனாஸ்தாசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் அதற்கு 'உயிர்த்தெழுதல்' என்று பொருள். அந்தக் கப்பல் 2007-இல் ஓய்வு பெற்றபோது, 'ஆப்பிரிக்கா மெர்சி' அதன் இடத்துக்கு வந்தது. அது டென்மார்க் நாட்டில் இரயில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு கடலைக் கடந்த கப்பல். தண்டவாளம் இருந்த தளம் இன்று அறுவை அரங்குகளும் நோயாளர் படுக்கைகளுமாக மாறியிருக்கிறது. 2021-இல் 'குளோபல் மெர்சி' என்ற மூன்றாவது பெரிய கப்பல் கட்டி முடிக்கப்பட்டது. 174 மீட்டர் நீளமும் 12 தளங்களும் 6 அறுவை அரங்குகளும் கொண்ட அந்தக் கப்பலில் ஏறத்தாழ 200 நோயாளர் படுக்கைகள் உள்ளன. மருத்துவமனைக்கென்றே புதிதாகக் கட்டப்பட்ட கப்பல் அது.

கப்பல் எதற்கு என்று நாம் கேட்கலாம். உலகில் ஏறத்தாழ 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் செலவிலான அறுவை மருத்துவம் எட்டாத நிலையில் உள்ளது என்று 2015-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த உலகளாவிய ஆய்வுக் குழு அறிவித்தது. கண்புரையால் பார்வை இழந்தவர், உதடு பிளந்து பிறந்த குழந்தை, தீக்காயத்தால் கை ஒட்டிக்கொண்ட சிறுமி, முகத்தில் வளர்ந்த கட்டியால் ஊராரிடமிருந்து ஒதுங்கி வாழும் இளைஞர் என்று வரிசை நீள்கிறது. இவர்களுடைய நாட்டின் துறைமுகத்துக்கே மருத்துவமனையைக் கொண்டுபோய் நிறுத்த ஒரு கப்பலால் முடியும். அந்தக் கப்பல் துறைமுகத்தில் கட்டப்பட்டு மாதக்கணக்கில், பெரும்பாலும் பத்து மாதங்கள், அங்கேயே நிற்கும். சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது.

இவ்வளவும் கேட்டதும் நம் மனக்கண்ணில் மருத்துவரும் செவிலியரும் தோன்றுவார்கள். ஆனால், ஏறத்தாழ 640 பணியாளர்கள் தங்கக்கூடிய ஒரு கப்பலை மருத்துவர்கள் மட்டும் நடத்த முடியாது. இயந்திரப் பொறியாளர் வேண்டும், சமையல்காரர் வேண்டும், துணி வெளுப்பவர் வேண்டும், மின் பணியாளர் வேண்டும். இவர்களுள் பலர் குடும்பத்தோடு வருகிறார்கள். குடும்பம் வந்தால் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகள் வந்தால் படிப்பு வேண்டும். எனவே, கப்பலில் மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை ஒரு பள்ளி நடக்கிறது. அங்கே பாடம் சொல்லித்தரும் ஆசிரியரின் ஒரு நாளைச் சற்றுப் பார்ப்போம்.

காலையில் அவர் கண்விழிப்பது ஒரு சிறு அறையில். கடல் தெரியும் சன்னல் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. சன்னலே இல்லாத அறைகளும் உண்டு. தனியாக வந்திருப்பவர் பிறரோடு அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். சுற்றிலும் கடல் இருந்தாலும், நல்ல தண்ணீர் அங்கே அளவோடுதான் கிடைக்கும். 'ஆப்பிரிக்கா மெர்சி'யில் குளிக்க இரண்டு நிமிடம் என்பது வழக்கமாகிவிட்ட விதி. உடலை நனைத்துவிட்டுக் குழாயை மூட வேண்டும். சோப்புத் தேய்த்தபின் திறந்து கழுவிக்கொள்ள வேண்டும். குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த நம் தாய்மார்களுக்கு இந்தச் சிக்கனம் புதிதல்ல.

அவர் பள்ளிக்குப் போகப் பேருந்து தேவையில்லை. சில படிகள் ஏறி ஒரு நடைவழியைக் கடந்தால் வகுப்பறை. அதே கப்பலின் கீழ்த்தளத்தில் அந்த நேரத்தில் அன்றைய முதல் அறுவை சிகிச்சைக்கு ஒரு நோயாளியை ஆயத்தப்படுத்திக்கொண்டிருப்பார்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சிறுவனின் தாய் அந்த அரங்கில் செவிலியராக இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் சிறுமியின் தந்தை இயந்திர அறையில் எண்ணெய்க் கறையோடு நிற்கலாம்.

பிள்ளைகள் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஆங்கிலம், கப்பலின் படியிறங்கினால் துறைமுகத்தில் இன்னொரு மொழி. மாணவர் எண்ணிக்கை குறைவு என்பதால், வெவ்வேறு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக் கற்பிக்க வேண்டியிருக்கும். நம் ஊர்ப்பக்கத்து ஈராசிரியர் பள்ளிகளில் ஒரு மூலையில் இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடும் மறு மூலையில் நான்காம் வகுப்புக்குத் தமிழும் நடப்பதைப் பார்த்த நமக்கு, அதன் பாடு என்னவென்று தெரியும்.

பாடத்தின் நடுவே அபாய ஒலி எழும்பும். தீ விபத்துக்கான ஒத்திகை அது. கப்பலில் இருப்போர் எல்லாருக்கும் இது கட்டாயம். ஆசிரியர் பிள்ளைகளை எண்ணி, வரிசையாக அழைத்துக்கொண்டு குறித்த இடத்தில் போய் நிற்க வேண்டும். தாயும் தந்தையும் அந்த நேரத்தில் தத்தம் பொறுப்பில் இருப்பார்கள். நோயாளரைக் காப்பதற்காகச் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வேறொருவர் கையில் விட்டிருக்கிறார்கள். அந்தக் கை ஆசிரியருடையது.

பிற்பகலில் நோயாளிகளை வெளிக்காற்றுக்காகத் திறந்த தளத்துக்கு அழைத்து வருவார்கள். வளைந்த கால்களை நேராக்கி மாவுக்கட்டுப் போட்ட குழந்தைகள் சிறு வண்டிகளில் ஓடித் திரிவார்கள். முகத்தில் கட்டுப் போட்டவர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு பிறர் நடுவே கூச்சமின்றி உட்காருவார்கள். பள்ளி முடிந்தபின் ஆசிரியர் விரும்பினால் நோயாளர் அறைக்குப் போகலாம். குறிப்பிட்ட ஒரு நோயாளியை நண்பராக ஏற்று, அவர் வீடு திரும்பும்வரை பார்த்து வரும் வழக்கமும் அங்கே உண்டு. மொழி தெரியாதபோது ஒரு சீட்டுக்கட்டோ வண்ணப் பென்சிலோ போதும்.

சில இரவுகளில் இன்னோர் அழைப்பும் வரும். கப்பலில் பெரிய இரத்த வங்கி கிடையாது. பணியாளர்களே இரத்த வங்கி. இரத்த வகை பொருந்துகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்திருப்பார்கள். அறுவையின்போது தேவைப்பட்டால் அவர்களை அழைத்து, அப்போதே இரத்தம் எடுத்துக் கொடுப்பார்கள். காலையில் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரின் இரத்தம், இரவில் முன்பின் அறியாத ஒரு தாயின் உடலில் ஓடும்.

இவ்வளவுக்கும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், பெரும்பாலோருக்குச் சம்பளமே இல்லை. தங்கும் இடத்துக்கும் உணவுக்கும் அவர்களே மாதந்தோறும் பணம் கட்டுகிறார்கள். அறுவை மருத்துவருக்கும் இதே வழக்கம்தான், ஆசிரியருக்கும் இதே வழக்கம்தான். ஊரில் உள்ள நண்பர்களும் உறவினர்களும் திருஅவைச் சமூகமும் சேர்ந்துதான் அவர்களை அனுப்பித் தாங்குகிறார்கள்.

கப்பல் வாழ்க்கையில் எதையும் உறுதியாகத் திட்டமிட முடியாது. 2014-இல் 'ஆப்பிரிக்கா மெர்சி' மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கினி நாட்டுக்குப் போவதாக இருந்தது. எபோலா நோய் பரவியதால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, கப்பல் ஆப்பிரிக்காவின் மறுபக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் உள்ள மடகாஸ்கர் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. 2020 மார்ச் மாதத்தில் கொரோனா பரவியபோது, செனகல் நாட்டின் டக்கார் துறைமுகத்தில் நடந்துகொண்டிருந்த பணியைப் பாதியில் நிறுத்திவிட்டுப் புறப்பட நேர்ந்தது. இத்தகைய நேரங்களில் பெரியவர்களே கலங்கிப்போவார்கள். பிள்ளைகளுக்கோ அடுத்த நாள் காலையில் வழக்கம்போல் வகுப்பு இருக்க வேண்டும். பழகிய முகம் ஒன்று 'உட்காருங்கள், பாடத்தைத் தொடங்குவோம்' என்று சொல்ல வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, இப்படிப் பணியாற்றும் ஆசிரியரின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. 'ஏழை நோயாளிக்குத் தொண்டு செய்ய என்று வீட்டைவிட்டு வந்தேன். ஆனால், நாளெல்லாம் மருத்துவரின் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இதைச் செய்யவா இவ்வளவு தூரம் வந்தேன்?' நம்முள் பலருக்கும் இந்தக் கேள்வி வேறு வடிவில் வந்திருக்கும். கோவிலைப் பெருக்குகிறவருக்கு வந்திருக்கும். படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொண்டே கணவரையும் பிள்ளைகளையும் வேலைக்கும் பள்ளிக்கும் அனுப்பிவைக்கும் பெண்ணுக்கு வந்திருக்கும்.

இதற்கான மறுமொழியை ஒரு மனிதரின் வாழ்விலேயே காணலாம். கேரி பார்க்கர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், முகத்திலும் தாடையிலும் வரும் பெரிய கட்டிகளை அகற்றுவதில் வல்லவர். 1980-களின் பிற்பகுதியில் சில மாதங்கள் உதவிவிட்டுத் திரும்பலாம் என்று 'அனாஸ்தாசிஸ்' கப்பலுக்கு வந்தார். ஆனால், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அந்தப் பணியில் நிலைத்துவிட்டார். கப்பலிலேயே தம் வாழ்க்கைத் துணைவியைக் கண்டார். அவர்களுடைய இரு பிள்ளைகளும் கப்பலிலேயே வளர்ந்தார்கள். கப்பலில் ஒரு பள்ளி இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பிள்ளைகள் பள்ளி வயதை எட்டியதும் எந்தப் பெற்றோரும் செய்வதைப் போல, அவரும் ஊர் திரும்பும் முடிவை எடுக்க நேர்ந்திருக்கலாம். அப்படி நேர்ந்திருந்தால், அதன்பின் அவர் கைபட்டு முகம் திரும்பப் பெற்ற மனிதர்களின் நிலை என்ன?

அந்த நோயாளிகள் வகுப்பறைக்குள் வந்ததில்லை. ஆசிரியரின் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. ஆனால், அந்த அறுவைக் கத்தியைப் பிடித்த கை அங்கே நிலைத்து நின்றதில் ஆசிரியருக்கும் பங்கு உண்டு.

மாற்கு நற்செய்தி இரண்டாம் பிரிவில் முடக்குவாதமுற்ற ஒருவரை இயேசுவிடம் கொண்டுவரும் நிகழ்ச்சி நமக்கு நன்கு தெரியும். நால்வர் அவரைக் கட்டிலோடு சுமந்து வருகிறார்கள், கூட்டத்தால் வழியில்லை, கூரையைத் திறந்து கீழே இறக்குகிறார்கள். அந்த நால்வரின் பெயர் நற்செய்தியில் இல்லை. அவர்கள் ஒரு சொல்லும் பேசியதாக எழுதப்படவில்லை. ஆயினும், அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டபிறகே இயேசு அந்த மனிதரிடம் பேசுகிறார். குணமாக்கியவர் இயேசு, ஆனால், சுமந்து வந்தவர்களையும் அவர் கண்டார். திருத்தூதர் பவுலும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், உடலின் வலுவற்றவையாய்த் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்று கற்பிக்கிறார்.

மருத்துவமனைக் கப்பலில் கற்பித்தல் என்பது பணியாளரின் பிள்ளைகளோடு முடிந்துவிடுவதும் இல்லை. நமக்கு அருகே நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 'ஹோப்', அதாவது 'நம்பிக்கை' என்ற பெயருள்ள அமெரிக்கத் தொண்டு மருத்துவமனைக் கப்பல் ஒன்று 1960 முதல் பல நாடுகளுக்குச் சென்று வந்தது. போர்க்காலத்தில் காயமுற்ற வீரர்களை ஏற்றிச் செல்லக் கட்டப்பட்ட கடற்படைக் கப்பலை மாற்றி அமைத்தது அது. 1968-இல் அது நம் அண்டை நாடான இலங்கைக்கு வந்தது. அந்தக் கப்பலின் முதன்மை நோக்கமே கற்பிப்பது. கப்பலின் மருத்துவர்களும் செவிலியர்களும் அந்தந்த நாட்டு மருத்துவர், செவிலியரோடு தோளோடு தோள் நின்று பணியாற்றி, தங்களுக்குத் தெரிந்ததைப் பகிர்ந்துகொண்டார்கள். கப்பல் என்றாவது ஒரு நாள் நங்கூரத்தை எடுத்துவிடும்; கற்றுக்கொடுத்தது மட்டும் கரையில் தங்கிவிடும்.

நம் வட்டாரத்தில் பலரும் உயிர்காக்க ஓடிச்செல்லும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறும் இதே பாடத்தைச் சொல்கிறது. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரு சிறு மருந்தகமாக அதைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ச் சாலையோரத்தில் மருந்து கொடுத்தார். ஆனால், தாம் ஒருவர் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தாலும் போதாது என்பதை உணர்ந்து, 1918-இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மருத்துவர் ஆசிரியராகவும் ஆனதால்தான் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே விளக்கு எரிகிறது.

இதெல்லாம் தொலைவில் உள்ள கடலையும் கப்பலையும் பற்றிய செய்தியாக நின்றுவிட வேண்டாம். கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு வரும் மருத்துவரும் செவிலியரும் ஊரிலேயே குடியிருக்கத் தயங்குவதற்கான காரணங்களுள் ஒன்று, பிள்ளைகளின் படிப்பு. 'நல்ல பள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே குடியிருப்போம்' என்று அவர்கள் நகரத்திலிருந்து போய்வருகிறார்கள். நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுக்கும்போதுதான் அந்தத் தொலைவு எவ்வளவு என்று நமக்குத் தெரிகிறது. ஊர்ப் பள்ளி நன்றாக இருந்தால் ஊர் மருத்துவமனையும் நிலைக்கும். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் நன்றாகக் கற்பிப்பது, பிரசவ அறையில் ஒரு தாயின் உயிரையும் காக்கக்கூடும்.

எனவே, இந்த செப்டம்பர் மாதத்தில் நாம் மூன்று செயல்களைச் செய்ய முயல்வோம். முதலாவதாக, நம் பிள்ளைகளின் ஆசிரியரை நேரில் கண்டு நன்றி சொல்வோம். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திடப் போகும் நாளில் மட்டும் அல்ல, குறை சொல்ல ஒன்றும் இல்லாத ஒரு நாளிலும் போவோம். இரண்டாவதாக, நம் பங்கில் இரவுப் பணிக்குப் போகும் செவிலியர், ஆம்புலன்சு ஓட்டுநர், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் குடும்பங்களை அறிந்துகொள்வோம். அந்தப் பிள்ளைகளை மாலையில் ஒரு மணி நேரம் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து வீட்டுப்பாடம் எழுத உதவினால், அதுவும் நோயாளருக்குச் செய்யும் தொண்டே. மூன்றாவதாக, நம் கண்ணுக்குத் தெரியாத வேலையைச் சிறுமையாக எண்ணாதிருப்போம்.

இறைவா, மண் தரையில் குச்சியால் எழுதிக் கற்பித்த அன்னை தெரேசாவை எங்களுக்குத் தந்தீரே, உமக்கு நன்றி. கடலிலும் கரையிலும் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியரையும் ஆசீர்வதியும். குணமாக்கும் கைகளுக்குப் பின்னால் நின்று தாங்கும் கைகள் சோர்ந்துபோகாதபடி காத்தருளும். எங்கள் கைகளையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளும். ஆமென்.